ஓலைத்தாங்கல் ஏரி மதகின் சாவி

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஏழாம் வகுப்பில் புனிதா என்றொரு மாணவி ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்: "சார், பேசறவங்க பேரை போர்டுல எழுதறதத் தவிர கிளாஸ் லீடருக்கு வேற இன்னா வேலை சார்?" வகுப்பே சிரித்தது. "உட்கார்" என்றேன். பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்லும் சொல் அது. இருபது வருடம் இருக்கும். இன்று காலையிலிருந்து அந்தக் கேள்வி என் கூடவே நடந்து வருகிறது. காரணம், என்னையும் லீடர் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் ஏரி பறவைகள் சரணாலயமாகி மூன்று வருடம். இதுவரை வனத்துறைக்காரர்கள் போர்டு வைத்தார்கள், நாங்கள் படித்தோம். இன்று விழுப்புரத்திலிருந்து அலுவலர் வெற்றிவேல் வந்தார். இனி ஊர் மக்களும் சேர்ந்துதான் சரணாலயத்தை நிர்வகிக்க வேண்டும், மேலிடத்து உத்தரவு என்றார். மக்களைக் கலந்துகொள்ளச் சொல்லி மக்களைக் கலக்காமல் வந்த உத்தரவு. குழுவுக்குப் பெயர்: ஓலைத்தாங்கல் பறவைகள் சரணாலய மக்கள் பங்கேற்புக் கூட்டு மேலாண்மைக் குழு. போர்டு எழுதுகிறவர் தகரம் பத்தாது என்று சொல்லிவிட்டார்.

"தலைவர் பொதுவான ஆளா இருக்கணும். ஏரியால எந்த லாபமும் இல்லாதவரா பாருங்க" என்றார் வெற்றிவேல். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் போனார்கள். மாடு மேய்க்கிறவர்கள் போனார்கள். கோரை அறுப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், கரையோரம் குடியிருப்பவர்கள் எல்லாரும் கழிக்கப்பட்டார்கள். கடைசியில் ஏரிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது ஊர் முன்னிலையில் நிரூபணமாகி, நான் ஒருமனதாகத் தேர்வானேன்.

என் மனைவி தைலம்மாள் கேட்டதும் சிரித்தாள். "ஏங்க, உங்களுக்கு நீச்சல்கூட தெரியாதே."

அதைச் சொல்லியிருந்தால் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

21 ஜனவரி, செவ்வாய்

பயிற்சி முகாம். எங்கள் ஏரியைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர, ஏரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் ஒரு ஏசி ஹாலில். ஏழு பேர் போனோம். குளிரில் நடராசன் துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டார். நாற்பது வருடமாக மதகு திறந்து மூடுகிறவர் அவர்தான்.

திரையில் பறவைப் படங்கள். ஐந்தாவது படத்தில் நடராசன் கையைத் தூக்கினார். "இது நம்ம ஏரிக்கு வர்றது இல்லீங்களே."

"வரும் ஐயா. லிஸ்ட்ல இருக்கு" என்றார் பயிற்சியாளர்.

"லிஸ்ட்டுல கீதுங்க. ஏரில இல்ல."

பிறகு நடராசன் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். நத்தைகுத்தி நாரை எப்போது வரும், வக்கா எந்த மரத்தில் கூடு கட்டும், குஞ்சு எத்தனை நாளில் பறக்கும், அதுவரை மரத்தடியில் தண்ணீர் நிற்காவிட்டால் நாய் எப்படி உள்ளே வரும் என்று. பயிற்சியாளர் நல்ல மனிதர், வேகமாகக் குறித்துக்கொண்டார். மாலையில் நடராசனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்: பறவைகள் பற்றி ஒருநாள் பயிற்சி பெற்றார்.

28 ஜனவரி, செவ்வாய்

இன்று பங்கேற்பு வரைபடம். மக்கள் தங்கள் கையால் தரையில் ஏரியை வரைய வேண்டுமாம். கோலமாவு கொடுத்தார்கள். அரை நாள் ஆகும் என்று நினைத்து வந்தவர்கள் பாவம். பெண்கள் கால் மணியில் முடித்துவிட்டார்கள்.

சின்னபொண்ணு மதகுப் பக்கம் உட்கார்ந்து, ஏரிக்குள் இறங்கும் கல்படிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். ஏழாவது படியை மட்டும் தடிமனாக. "இது எதுக்கும்மா?" என்றார் வெற்றிவேல்.

"தண்ணி வத்தி ஏழாம் படி தலை தூக்குச்சின்னா மதகு மூடிப்புடணும் சார். அதுக்குக் கீழ இருக்கறது குருவிங்க தண்ணி. எங்க மாமனாரு காலத்துலருந்து அதான்."

"அதெல்லாம் எதுலயாவது எழுதியிருக்கா?"

"படியே கீதே சார். எழுதி இன்னாத்துக்கு?"

வெற்றிவேல் ஏணி போட்டு ஏறிப் படம் எடுத்தார். பேனரில் அழகாக வரும் என்றார். அவர் இறங்குவதற்குள் ஒரு ஆடு வந்து சரணாலயத்தின் வடக்கு எல்லையை அழித்துவிட்டது.

சின்னபொண்ணுவுக்கு ஏரிக்குக் கீழே எழுபது சென்ட். மல்லாட்டை போட்டிருக்கிறாள், வேர்க்கடலைதான். கிணறு கிடையாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

உலக ஈரநில நாள். பந்தல், பொன்னாடை, பெரிய அதிகாரி. பேனரில் பெண்கள் வரைந்த படம் இருந்தது. ஆனால் அதிகாரியின் படத்துக்கு இடம் வேண்டி ஒரு ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரத்தில்தான் மதகு இருந்தது.

நிகழ்ச்சியின் உச்சம்: "ஏரியின் சாவி இனி மக்கள் கையில்!" நாலடி நீளத்தில் தெர்மாகோல் சாவி, தங்கக் காகிதம் ஒட்டியது, என் கையில் கொடுக்கப்பட்டது. கைதட்டல். ஒரு ரெஜிஸ்டரை நீட்டினார்கள். "சார், இங்க ஒரு சைன். சார், கேமராவைப் பாருங்க. சிரிங்க சார்." போட்டேன், பார்த்தேன், சிரித்தேன். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தேன்.

பிறகுதான் மதகைப் பார்த்தோம். திருகுச் சக்கரத்தில் சங்கிலி, புதுப் பூட்டு. பக்கத்தில் போர்டு: குழுவின் ஒப்புதலோடு மட்டுமே திறக்கப்படும்.

"சரி, இது நல்லதுதானே? குழு நாமதானே?" என்றேன். நடராசன் பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

3 பிப்ரவரி

தெர்மாகோல் சாவி அலமாரியில் நுழையவில்லை. சமையலறை ஜன்னலில் அணில் வரும் ஓட்டையை அடைக்கத் தைலம்மாள் எடுத்துக்கொண்டாள்.

17 பிப்ரவரி, திங்கள்

சின்னபொண்ணு காலையிலேயே வாசலில். "சார், விழுது இறங்கிப் பிஞ்சு புடிச்சிருக்குது. இப்ப ஒரு தண்ணி கட்டலன்னா மண்ணு இறுகிப்பூடும். காய் உள்ளயே பொக்காப் பூடும். சாவி குடுங்க."

எந்தச் சாவி? வெற்றிவேலுக்குப் போன் செய்தேன். "சாவி ஆபீஸ்லதான் இருக்கும் சார், அனுப்பிடறேன்" என்றார். அவளிடம் சொன்னேன், இரண்டு நாள் பொறு என்று.

"எனக்கு பொறுக்க தெரியும் சார். செடிக்கு யாரு சொல்றது?"

19 பிப்ரவரி, புதன்

சாவி வரவில்லை. பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு எடுத்துக்காட்டு: எங்கள் பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வந்தது. மாணவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று அன்றைய தலைமை ஆசிரியர் பீரோவில் பூட்டினார். பதினோரு வருடம் அது உடையவே இல்லை. அவர் ஓய்வு பெற்ற விழாவில் அதைச் சாதனையாகச் சொன்னோம். சொன்னவன் நான்.

முறைப்படி மனு எழுதி அனுப்பினேன். எழுத்து நன்றாக வந்தது.

24 பிப்ரவரி, திங்கள்

நினைவூட்டு மனு. நடராசன் சொன்னார்: "வாத்தியாரே, ஒரு கல்லு எடுத்து ரெண்டு போடு போட்டா முடிஞ்சுது. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

அப்படிச் செய்தால், மக்களிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வார்களே என்றேன். முறையாகப் போவோம் என்றேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வாத்தியார் சொன்னால் கேட்கும் ஊர் இது. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

3 மார்ச்

சின்னபொண்ணு இன்று வரவில்லை. வந்து திட்டியிருக்கலாம்.

5 மார்ச், புதன்

முதல் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். வெற்றிவேல் கேம்ப் போயிருந்தார். அருணா என்ற எழுத்தர் மரியாதையாக நாற்காலி போட்டார். சாவி என்றதும் முகம் மாறியது.

"சார், சாவி உங்ககிட்டதான இருக்கு?"

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். 'ஓலைத்தாங்கல் ஏரி மதகின் சாவி ஒன்று. பெற்றுக்கொண்டேன்.' கீழே என் கையெழுத்து. கேமராவைப் பார்த்தபடி போட்டது என்பதால் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"அது தெர்மாகோல் சாவிம்மா."

"ரெஜிஸ்டர்ல மெட்டீரியல்னு கட்டம் இல்ல சார்."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஆணிகள். மூன்றாவது ஆணியில் ஒரு பித்தளைச் சாவி, அதில் கட்டிய சீட்டில் ஓலைத்தாங்கல் என்று எழுதியிருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"அதோ இருக்கிறதேம்மா."

அருணா திரும்பிப் பார்த்தார். "அது கணக்குல இல்லாத சாவி சார். கணக்குல இருந்தது உங்களுக்குக் குடுத்தாச்சு. கணக்குல இல்லாதத நான் எப்படி சார் எடுத்துக் குடுக்கறது? ஆடிட்ல கேப்பாங்க."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"சாவி தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்து, காப்பி கொண்டாந்தீங்கன்னா டூப்ளிகேட் போட ஃபைல் வெக்கலாம். ஒரு மாசத்துல வந்துடும்."

புகாரை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். அடையாளம்: நாலடி நீளம், தங்க நிறம். கடைசியாகக் காணப்பட்ட இடம்: என் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

முப்பத்தாறு வருடம், வினாத்தாளை முழுதும் படித்துவிட்டு எழுதத் தொடங்கு என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் தட்டியிருப்பேன்! படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். பதினாறு நாள் முறை முறை என்று சொல்லி ஓட்டியதும் நான். காய்ந்துகொண்டிருப்பது மட்டும் சின்னபொண்ணுவின் செடி. இது எந்த ஊர் நியாயம்டா கிருஷ்ணசாமி?

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. கோப்பின்படி சாவி என்னிடம் இருக்கிறது. போர்டின்படி திறக்கக் குழுவின் ஒப்புதல் போதும். அப்படியென்றால் எல்லாம் முறைப்படி இருக்கிறது, பூட்டைத் தவிர. கடைத்தெருவில் ஒரு ஆக்ஸா பிளேடும் புதுப் பூட்டும் வாங்கினேன். பூட்டுக்கு மூன்று சாவி. ஒவ்வொன்றையும் கடையிலேயே போட்டுத் திருகிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

6 மார்ச், வியாழன்

மதகில் குழுக் கூட்டம். வருகை பதினான்கு பேர். தீர்மானம்: சாவி தலைவர் வசம் இருப்பதாக அலுவலகம் உறுதி செய்துள்ளதாலும், அச்சாவி பூட்டில் நுழையாததாலும், பூட்டை மாற்றுவது. ஏழாம் படி வரை மட்டும் தண்ணீர் விடுவது. அனைவரும் கையெழுத்து.

நடராசன் பிளேடைக் கேட்டார். சாவி என் பேரில் இருப்பதால் நானே அறுப்பேன் என்றேன். கால் மணி நேரம் இழுத்தேன். பூட்டில் பென்சில் கோடு போல ஒரு கீறல் விழுந்தது.

"சார், திருத்தறீங்களா அறுக்கறீங்களா?" என்றாள் சின்னபொண்ணு. கூட்டம் சிரித்தது. "ஜல்தி நவுருங்க."

அவள் கைக்குப் பிளேடு போனதும் சத்தமே வேறு. சங்கிலி விழுந்தது, நடராசன் சக்கரத்தைத் திருகினார், வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பதினோரு குடும்பத்து நிலம். கடைசி மடை சின்னபொண்ணுவுடையது. மேல் மடைக்காரர்கள் தண்ணீரைத் தேக்கி அடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். வரிசை அவர்களுக்கே தெரிந்திருந்தது. நான் நோட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

8 மார்ச், சனி

காலை எட்டு மணிக்கு ஏரிக்கரை போனேன். மதகு மூடியிருந்தது. நான் வாங்கிவந்த புதுப் பூட்டும் போட்டிருந்தது. யாரோ தகராறு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சின்னபொண்ணு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மேல் பாத்திகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. கடைசி மூன்று பாத்தி வெளுத்தபடி இருந்தது. அங்கே தண்ணீர் எட்டவே இல்லை.

"யார் மூடினது?"

"நான்தான். விடியகாலம் பாத்தேன், ஏழாம் படி தெரிஞ்சுபோச்சு."

"இன்னும் அரை மணி விட்டிருந்தால் உன் பாத்தி நனைந்திருக்குமே. ஒரு அங்குலம்தானே?"

"எல்லாருக்கும் ஒரு அங்குலம்தான் சார்" என்றாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "மாசி பொறந்தப்பவே வுட்டிருந்தா எல்லாம் நனைஞ்சிருக்கும். அப்ப படிக்கு மேல தண்ணி நெறைய கெடந்துச்சு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு சொன்னாள். வெயிலில் ஆவியாகிப்போன தண்ணீரில் என் இரண்டு மனுக்களும் இருந்தன.

வேல மரங்களில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மரத்தடியில் தண்ணீர் நின்றது.

14 மார்ச், வெள்ளி

விளக்கம் கேட்டுக் கடிதம். சாவி தங்கள் வசம் இருக்கும்போது பூட்டை அறுத்தது ஏன்? ஏழு நாளில் பதில் தேவை.

தைலம்மாள் படித்துவிட்டு, "நியாயமான கேள்விதானே" என்றாள்.

17 மார்ச், திங்கள்

பதில் எழுதினேன், இரண்டே வரி. 'என்னிடம் ஒப்படைக்கப்பட்ட சாவியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதைக் கொண்டு தாங்கள் எந்தப் பூட்டையாவது திறக்க முடிந்தால் எனக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.' ஜன்னலிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். ஒரு பக்கப் பல்லை அணில் கடித்திருந்தது. அதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "இன்னா சார், நாடகமா?"

"ஆமாம்பா. முடிஞ்சிடுச்சு, சாமான் திருப்பிக் குடுக்கப் போறேன்."

அருணா பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். போடுமுன் சாவியை மேலும் கீழுமாக நன்றாகப் பார்த்தார். நல்ல பெண். சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

6 ஏப்ரல், ஞாயிறு

சின்னபொண்ணு நிலத்தில் மல்லாட்டை பிடுங்கினார்கள். போய்ப் பார்த்தேன். மேல் பாத்திகளில் பாதிக்குப் பாதி தேறும். கடைசி மூன்று பாத்தியில் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை நசுக்கினேன். காற்று. இன்னொன்று. அதுவும் காற்று.

மாலையில் அவித்த மல்லாட்டை ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தாள். "பொக்கு இல்லாமப் பொறுக்கிப் போட்டேன் சார், உங்களுக்குப் பல்லு ஆட்டம்னு அக்கா சொன்னாங்க."

விளைச்சல் குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். வெகுநாளாகச் சொல்ல நினைத்தது. தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள்.

"ஆமா சார்" என்றாள். பிறகு, "சூட்டோட துன்னுங்க."

10 ஏப்ரல், வியாழன்

குழுக் கூட்டம். வெற்றிவேல் ஆண்டறிக்கை கொண்டுவந்தார். பதினெட்டாம் பக்கம்: 'ஓலைத்தாங்கலில், துறையின் வழிகாட்டுதலின்படி, மக்கள் உரிய காலத்தில் மதகை இயக்கி நீர்ப் பங்கீட்டை முன்மாதிரியாக மேற்கொண்டனர்.' எனக்கு வந்த கடிதம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"உரிய காலத்திலா?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க சார். நானும் படிக்காம சைன் பண்ணித்தான் மாட்டிக்கினு இருக்கேன்."

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, தலைவராகச் சின்னபொண்ணுவை முன்மொழிந்தேன். வெற்றிவேல் பதறினார். "அவங்களுக்கு ஏரிக்குக் கீழ நிலம் இருக்கே சார்! விதிப்படி சம்பந்தமில்லாதவங்களா—"

"சம்பந்தமில்லாத ஆளை வெச்சுப் பாத்துட்டோம் சார்" என்றார் நடராசன். "நல்ல மனுசன்தான். மூணு பாத்தி பூடுச்சு."

பதினான்கு கை தூக்கின. பதினைந்தாவது என்னுடையது.

13 ஏப்ரல், ஞாயிறு

சென்னையிலிருந்து படப்பிடிப்புக் குழு. மக்கள் பங்கேற்பைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறார்களாம். மதகு திறந்து தண்ணீர் குபுகுபுவெனப் பாய்வதை ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். வெற்றிவேல் நேரே என் வீட்டுக்கு வந்தார், பழக்கதோஷம். தலைவர் களத்தில் இருக்கிறார் என்று கூட்டிப் போனேன்.

சின்னபொண்ணு காயவைத்த மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். சாவி இடுப்பில் செருகியிருந்தது. விஷயத்தைக் கேட்டாள்.

"ஏழாம் படி தெரிஞ்சு ஒரு மாசம் ஆவுது சார். இப்ப எட்டாம் படியும் தெரியுது. கடைசிக் குஞ்சு இன்னும் பறக்கல. தொறக்க முடியாதுங்க."

"அஞ்சு நிமிஷம்தாம்மா. பறவைகளைக் காப்பாத்தறதப் பத்தின படம்தான் இது."

"அப்ப குருவிங்கள எடுங்க. தண்ணி எதுக்கு?"

கேமராக்காரர் வெற்றிவேலைப் பார்த்தார். வெற்றிவேல் என்னைப் பார்த்தார். நான் மல்லாட்டையைப் பார்த்தேன். மேலதிகாரி ஒருவருக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினார்கள். கையில் மண் என்று சொல்லி வாங்கவில்லை. கடைசியில் படக் குழு வேல மரங்களுக்கு எதிரே கேமராவை நிறுத்திவிட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஒரு நாரைக்குஞ்சு கிளையை விட்டு எழும்பி, தடுமாறி, அடுத்த கிளையில் போய் உட்கார்ந்ததை எடுத்தார்களாம். அது நன்றாக வந்திருக்கிறது என்று போகும்போது அவர்களே சொன்னார்கள்.

இந்த நோட்டு என்றாவது யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: நாளைக் காலை உங்கள் ஊர் ஏரி மதகுக்குப் போய், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.